நாற்பத்திரண்டு சொற்கள்

மாதாவின் பிறப்புத் திருவிழா முடிந்து கொடியிறக்கிய மறுநாள் மாலை, பங்கு அலுவலகத்தில் அமர்ந்து பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கொடுத்த தொகையைக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். வாயிலில் ஒரு தாயும் மகளும் வந்து நின்றனர். தாய் விடியலில் கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்பவர். தந்தை நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மகள் எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, அவ்வாண்டுதான் நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் பயிலச் சேர்ந்திருந்தாள். அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவள். சேர்க்கைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நானே.

“சாமி, இவ இனிமே காலேஜுக்குப் போகமாட்டேன்னு நிக்கிறா. என்னன்னு நீங்களே கேளுங்க” என்றார் தாய்.

மகள் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து இரண்டு நகல் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். ‘லிட்டரரி டெர்ம்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் 42 சொற்கள். சிமிலி, மெட்டபர், ஐரனி, ஹைபர்போலி, சிம்பல், டோன், மூட் என்று வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்திலேயே ஒரு வரி விளக்கம். தாளின் ஓரங்கள் கைபட்டுக் கறுத்திருந்தன. அவள் அத்தனையையும் மனப்பாடம் செய்திருந்தாள். நான் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டேன். ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள்.

கல்லூரியின் உள்தேர்வில் ஓ. ஹென்றி 1905 ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதையிலிருந்து ஒரு வினா. மனைவி தன் கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். கணவன் கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்குகிறான். இக்கதையில் வரும் ஐரனியைக் ‘கிரிட்டிக்கலி அனலைஸ்’ செய்க என்பது வினா. ஐரனி என்பதன் விளக்கத்தை அவள் அப்படியே எழுதியிருக்கிறாள். அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. பத்துக்கு ஒன்று.

“அர்த்தம் தெரியும் சாமி. அது கதையிலே எங்க இருக்குன்னுதான் தெரியல” என்றாள்.

இவ்விடத்தில் நான் சொன்ன மறுமொழியை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். “இன்னும் நன்றாக மனப்பாடம் செய், மகளே. நானும் குருமடத்தில் அப்படித்தான் தேறினேன்” என்றேன். அவள் தாள்களை எடுத்து நான்காய் மடித்தாள். தாய் தோத்திரம் சொல்லிப் புறப்பட்டார். நான் ஒலிபெருக்கிக்காரரின் கணக்குக்குத் திரும்பினேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ‘நானும் அப்படித்தான் தேறினேன்’ என்ற வாக்கியம் முழு உண்மை. உண்மையாய் இருந்ததுதான் தொல்லை.

நான் தமிழ்வழியில் படித்தவன். 1991 ஆம் ஆண்டில் மெய்யியல் படிப்புக்காகப் பெரிய குருமடத்தில் நுழைந்தபோது, பாடங்கள் யாவும் ஆங்கிலத்தில். ஒரு பச்சை அட்டைக் குறிப்பேட்டில் கடினச் சொற்களையெல்லாம் எழுதி, நூலகத்து அகராதிகளிலிருந்து விளக்கம் சேர்த்து, இரவு விளக்கணைந்த பின்னும் வராந்தாவில் நின்று படித்தேன். அக்குறிப்பேடு என்னைக் காப்பாற்றியது. என் வகுப்பில் உழவர் குடும்பத்திலிருந்து வந்த தோழன் ஒருவன் இருந்தான். ஞாயிறுதோறும் அருகிலிருந்த ஊரில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி நடத்தப் போவோம். வயலில் களைகள் விதைக்கப்பட்ட உவமையை அவன் சொன்னால் பிள்ளைகள் வீட்டுக்குப் போக மறந்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அந்த வரம் இல்லை. ஆனால் தேர்வுத்தாளில் ‘இவாலுவேட்’ என்றால் என்ன செய்ய வேண்டும், ‘ஜஸ்டிஃபை’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும்; அவனுக்குத் தெரியாது. இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு முந்தின இரவு அவன் என் குறிப்பேட்டைக் கேட்டான். நான் இன்னும் படித்து முடிக்கவில்லை என்றேன். முடித்திருந்தேன்.

அந்த ஒரு தாளினால்தான் அவன் குருமடத்தை விட்டுப் போனான் என்று நான் சொல்லமாட்டேன். ஓர் அழைத்தலின் கதையில் எத்தனையோ காரணங்கள் இருக்கும். ஆனால் திருவருகைக் காலத்தில் அவன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது, குறிப்பேடு என் தலையணைக்கு அடியில் இருந்தது. இன்று அவர் ஓர் ஊரில் அச்சகம் நடத்துகிறார். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறார். அவருக்கு அது நினைவில் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

அக்குறிப்பேட்டைக் கையில் வைத்திருந்த நான் மட்டும் என்ன பெற்றேன்? இறையியல் இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில் முதிய பேராசிரியர் ஒருவர் எஸ்கட்டாலஜி பற்றி வினவினார். நான்கு வாக்கியங்களில் விளக்கத்தை ஒப்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “உன் தாயார் இறந்தவர்களுக்காகச் செபமாலை சொல்லும்போது எதை எதிர்நோக்கிச் சொல்கிறார்?” என்று கேட்டார். மீண்டும் அதே நான்கு வாக்கியங்களை ஒப்பித்தேன். அவர் என்னைத் தேர்ச்சி பெறச் செய்துவிட்டார். செய்யாதிருந்தால் எனக்கு நல்லதாய் இருந்திருக்கும் என்று இன்றும் சில நேரங்களில் நினைப்பதுண்டு.

மறுவாரம் ஆள் அனுப்பி அப்பெண்ணை வரச்சொன்னேன். அதற்குள் கல்லூரியொன்றில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற அருள்சகோதரி ஒருவரிடம் யோசனை கேட்டிருந்தேன். அவர் சொன்ன செய்தி எனக்குப் புதியது. அமெரிக்கப் பள்ளிகளில் ‘இங்லிஷ் லாங்குவேஜ் ஆர்ட்ஸ்’ என்றொரு பாடம் உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கே, இலக்கியச் சொற்களையும் கல்விச் சொற்களையும் அங்கே தனியாகக் கற்பிக்கிறார்கள். இசபெல் பெக் முதலிய மூவர் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தனர். வீட்டிலும் தெருவிலும் தானே வந்துவிடும் சொற்கள் முதல் அடுக்கு. ஒரு துறைக்கே உரிய கலைச்சொற்கள் மூன்றாம் அடுக்கு. இடையில் நிற்பவைதான் தொல்லை தருபவை. அவை எல்லாப் பாடங்களிலும் வரும். ஆசிரியர் விளக்கமாட்டார், மாணவருக்குத் தெரியும் என்று எண்ணிக்கொள்வார். நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில், கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறைகளின் நூல்களையும் ஆராய்ந்து, அவற்றில் பொதுவாகப் பயிலும் 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார். ‘அனலைஸ்’ அப்பட்டியலின் முதற்பகுதியிலேயே இருக்கிறது.

இதைக் கேட்டதும் அப்பெண்ணின் முகத்தில் வந்த தெளிவை நான் எதிர்பார்க்கவில்லை. “அப்போ அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கும் தெரியாதா சாமி?” என்று இருமுறை கேட்டாள். ஐரனியில் தோற்றதாக அவள் எண்ணியிருந்தாள். அவள் இடறியது அதற்கு முன்னால் நின்ற இரண்டு சொற்களில். ‘கிரிட்டிக்கல்’ என்பதை ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்குச் சொல்வது. வகுப்பில் அதற்குக் குறைகூறுதல் என்று தோழி ஒருத்தி பொருள் சொல்லியிருக்கிறாள். அக்கதையில் குறைகூற என்ன இருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள்.

குருமடத்தில் நான் கற்ற கிரேக்கம் இரண்டு பருவங்கள். அதுவரை அதனால் எவருக்கும் ஒரு பயனும் விளைந்ததில்லை. இப்போது விளைந்தது. கிரிட்டிக்கல் என்பதன் வேர், பிரித்தறிதல், தீர்ப்பிடுதல் என்னும் பொருளுடைய வினை. நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று தீர்மானமாகும் வேளையை மருத்துவர் அச்சொல்லால் குறித்தார். இலக்கியத்தில், நீயே பார்த்து நீயே தீர்மானித்துச் சொல் என்பது கட்டளை. அனலைஸ் என்பதன் வேரோ, அவிழ்த்தல். பெனலோப்பி பகலில் நெய்ததை இரவில் பிரித்தாள் என்று ஹோமர் பாடுமிடத்தில் அந்த வினையே வருகிறது. “வலையிலே சிக்கெடுக்கிற மாதிரியா?” என்றாள். அவள் வீட்டுத் திண்ணையில் தினமும் நடக்கும் வேலை அது. சிக்கை இழுத்தால் இறுகும். எந்த இழை எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாய் விடுவிக்க வேண்டும். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

அன்று தொடங்கிச் சனிக்கிழமைதோறும் மாலை ஒரு மணி நேரம் கோயில் முற்றத்துப் புன்னை மரத்தடியில் அமர்ந்தோம். தங்கையைத் துணைக்கு அழைத்து வருவாள். நீல நிறக் குறிப்பேடு ஒன்றில் அவள் எழுதுவாள். நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு ஒன்றே: பொருளைக் கண்டுபிடித்த பிறகே பெயரை எழுத வேண்டும்.

மெட்டபர் என்றால் அப்பால் சுமந்து செல்லுதல். இன்றைய கிரேக்க நாட்டில் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரிகளில் அந்தச் சொல்தான் எழுதப்பட்டிருக்கும். ஓர் இடத்துப் பொருளை ஏற்றி இன்னோர் இடத்தில் இறக்குகிறோம், நம் உருவகம். ‘பெர்’ என்னும் அந்தச் சுமக்கும் சொல்லை எங்கள் ஊரில் தேடிப்போக வேண்டியதில்லை. கிறிஸ்துவைச் சுமந்தவர் கிறிஸ்டோபர். தெருவுக்கு இருவர் இருக்கிறார்கள். ஹைபர்போலி என்றால் அளவுக்கு அப்பால் எறிதல். நம் உயர்வு நவிற்சி. ஒட்டகம் ஊசிக்காதில் நுழைவதைப்பற்றி ஆண்டவர் பேசியதும் அதுவே. பாரபிள் என்றால் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை எறிதல்; நம் உவமை. சிம்பல் என்றால் சேர்த்து எறிதல். உடைத்த முத்திரையின் ஒரு பாதி அது. மறுபாதியோடு பொருந்தினால்தான் வந்தவர் நம்மவர் என்று தெரியும். நம்பிக்கை அறிக்கைக்கு அப்பெயர் வந்த காரணத்தை 1992 ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் இவ்வாறே விளக்குகிறது. மூன்றிலும் இருப்பது எறிதல் என்னும் ஒரே வினை. பேதுருவும் அந்திரேயாவும் கடலில் வீசிக்கொண்டிருந்த வலைக்கு மத்தேயு எழுதும் கிரேக்கப் பெயரும் அவ்வேரிலிருந்து வந்ததே என்றேன். “ஒரே வீச்சுல நாலு” என்று சிரித்தாள் தங்கை.

இவ்வளவு எளிதாக எல்லாம் பொருந்திவிட்டதாக வாசகர் எண்ணிவிடக் கூடாது. பொருந்தாத இடமே எங்களுக்கு அதிகம் கற்பித்தது. 42 சொற்களில் ஒன்று ‘பதெட்டிக் ஃபாலசி’. இயற்கைப் பொருளுக்கு மனித உணர்வை ஏற்றிச் சொல்வது. இது நம் தற்குறிப்பேற்றத்துக்கு உறவு என்று அவளே கண்டுகொண்டாள். மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைந்ததை, கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று கைகாட்டி மறுப்பதாக இளங்கோ பாடியதைப் பள்ளியில் படித்திருக்கிறாள். ஆனால் தண்டியலங்காரம் தற்குறிப்பேற்றத்தை அணி என்கிறது. ஆங்கிலச் சொல்லோ பிழை என்கிறது. அதை 1856 ஆம் ஆண்டில் உருவாக்கிய ஜான் ரஸ்கின் வேண்டுமென்றே அப்படிப் பெயரிட்டார். கடல்நுரையைக் கொடியது என்று ஒரு நாவலின் பாட்டில் வந்ததை எடுத்துக்காட்டி, நுரைக்கு ஏது கொடுமை என்றார்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். 2017 ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் அவளுடைய தாய்மாமன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதன்பின் பல மாதங்கள் அவள் தாய் கரையில் நின்று கடலை ஏசுவதை ஊரே கேட்டது, நானும் கேட்டேன்.

“அம்மா கடலைத் திட்டுறது பிழையா சாமி?”

துயரம் அறிவை நிலைகுலையச் செய்யும்போதே இப்பேச்சு பிறக்கிறது என்று ரஸ்கினும் சொல்லியிருக்கிறார், உணர்வு மெய்யானதாய் இருந்தால் அப்பிழையை நாம் மன்னிக்கிறோம் என்றும் சொல்லியிருக்கிறார் என்று விளக்கினேன். அவள் சற்று யோசித்துவிட்டு, “அவரு மன்னிக்கிறாரு. நம்ம ஆளு மன்னிக்கல, அழகுன்னு சொல்றாரு” என்றாள். இரண்டு மொழிகளின் இரண்டு மரபுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டாள். பேராசிரியர்கள் கூடும் கருத்தரங்குகளில் நான் கேட்ட சில உரைகளைவிட இவ்வொரு வாக்கியம் கனமானது.

இவ்வேளையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மீனவர் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், இந்த அந்நியப் பெயர்ச் சுமை எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் பலருடைய பிள்ளைகள் ஆங்கிலவழிப் பள்ளிகளில் இருக்கிறார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் தனித்தனிப் பெயர் தெரியாதவனைக் கடற்கரையில் எவரும் படகில் ஏற்றுவதில்லை. ஆங்கில வகுப்பிலும் அப்படித்தான். பெயர் தெரியாதவருக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை.

ஐரனியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். அதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் அமைவதில்லை. வஞ்சப்புகழ்ச்சி அதில் ஒரு பங்கு. இன்று நகைமுரண் என்கிறார்கள், அதில் நகை எப்போதும் இருப்பதில்லை. ஆகையால் பெரிய வெள்ளியன்று நாம் கேட்கும் பாடுகளிலிருந்து தொடங்கினேன். வீரர்கள் முள்முடி சூட்டிச் செந்நிற ஆடை உடுத்தி அரசே என்று கேலி செய்கிறார்கள். கேலியாகச் சொன்னது மெய். யோவான் நற்செய்தியின் பதினொன்றாம் அதிகாரத்தில், மக்களுக்காக ஒருவர் சாவது நல்லது என்ற கருத்தில் கயபா பேசுகிறார். அவர் நினைத்தது அரசியல். வாசிக்கும் நாம் கேட்பது மீட்பு. அவர் தம்மை அறியாமலே இறைவாக்குரைத்தார் என்று நற்செய்தியாளரும் குறிப்பிடுகிறார்.

இதுதான் ஐரனி என்று முடித்தேன். அவள் தலையசைத்தாள், பிறகு தலையசைப்பை நிறுத்தினாள்.

“சாமி, அந்தக் கதை இது மாதிரி இல்லையே. கயபாவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். கதையிலே அவரு வாட்ச வித்தது கடைசி வரைக்கும் நமக்கே தெரியாது. அவுங்களோட சேர்ந்து நாமளும்தான் ஏமாறுறோம்.”

நான் பதில் சொல்வதற்குள் அவள் பையைத் துழாவி, நான்காய் மடித்த அந்தப் பழைய நகல் தாள்களை எடுத்தாள். விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள். ‘டிராமாட்டிக் ஐரனி’, ‘சிச்சுவேஷனல் ஐரனி’ என்று இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருந்தன. முன்பு ஒப்பித்த வரிகள்தாம். இப்போது வாசித்தாள். அவள் பிரித்த பிரிவுக்கு அவை பெயராய் நின்றன. குறிப்பேட்டில் இரண்டையும் எழுதி, ஒன்றன்கீழ் கயபா என்றும் மற்றதன்கீழ் சீப்பு என்றும் குறித்துக்கொண்டாள்.

டோன், மூட் இரண்டையும் அவள் எனக்கு விளக்கினாள். “அப்பா கிளம்பும்போது ‘கடல் நல்லாத்தான் இருக்கு’ன்னு சாதாரணமாச் சொல்லுவாரு. அது டோன். அதைக் கேட்டுக்கிட்டு அடுப்பங்கரையில அம்மா நிக்கிற நிலை இருக்கே, அது மூட்.” தொனி என்றும் சூழுணர்வு என்றும் நான் தமிழ்ப்படுத்தினேன். அவள் மரியாதைக்காக எழுதிக்கொண்டாள் என்றே நினைக்கிறேன்.

அடுத்த உள்தேர்வில் பத்துக்கு ஆறு. அதற்கடுத்ததில் ஐந்தரை. ஆங்கில வாக்கியங்கள் இன்னும் அவளுக்கு இடறுகின்றன. வினைமுற்றும் எழுவாயும் ஒத்துப்போக மறுக்கின்றன. அதற்குப் புன்னை மரத்தடியில் என்னிடம் மருந்தில்லை. அருள்சகோதரியிடம் அனுப்பியிருக்கிறேன். இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் முதலாண்டு சேர்ந்த மூன்று பிள்ளைகள் அவளோடு வந்து அமர்கிறார்கள். நான் பெரும்பாலும் ஓரமாய் இருந்து கேட்கிறேன்.

இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது, ‘தீம்’ என்ற சொல்லுக்கு நாங்கள் என்ன எழுதினோம் என்று பார்ப்பதற்காக அந்த நீலக் குறிப்பேட்டைக் கேட்டேன்.

“என்கிட்ட இல்ல சாமி. அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்திக்குத் திங்கக்கிழமை பரீட்சை. குடுத்துட்டேன்.”

“உனக்கும் திங்கட்கிழமைதானே தேர்வு?”

“ஆமா சாமி.”

எப்போது திருப்பித் தருவாள் என்று கேட்டேன். அதை அவள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே இங்கே எழுதியிருப்பவை யாவும் என் நினைவிலிருந்து எழுதியவை. ‘தீம்’ விடுபட்டுப் போயிற்று.